ஆர்.சி. புக்கில் யார் பேர்?



வழக்கமாக இங்கே வழக்கு, தீர்ப்பு, அரசாணை என்று எழுதுவேன். இன்று ஒரு பழைய குட்டி யானை வாங்கப் போன கதையை எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். பல கருத்தரங்குகளில் உட்கார்ந்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று இந்த அலைச்சலில் பிடிபட்டது.

எங்கள் தெருவில் ஒரு பையன். உறவுமுறையில் எனக்கு அண்ணன் மகன், என்னைச் சித்தப்பா என்பான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு நான்கு வருடம் சென்னையில் இருந்தான். ஓ.எம்.ஆர். பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிப்புறம் துடைக்கும் ஒப்பந்த வேலை. ஊருக்குத் திரும்பியதும், சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த கூட்டாளியுடன் சேர்ந்து இதே வேலையைத் தூத்துக்குடியில் சொந்தமாகச் செய்யப் போவதாகச் சொன்னான். அதற்கு ஒரு பழைய வேன் வேண்டும், நீங்கள் கூட வாருங்கள் என்றான்.

அவன் அம்மா, என் மைனி, பதினெட்டு வருடமாக ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் சம்மதிக்கவில்லை.

"கூட்டுறதும் பெருக்குறதும் என்னோட போவட்டும்னுதான ஒன்ன படிக்க வச்சேன். மறுபடியும் வாளியும் துணியுமாலே?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? மேடையில் நானே இதைத்தான் பேசுகிறேன். 2020 ஜூலையில் நம் மாவட்டத்துச் செக்காரக்குடியில் கழிவுநீர்த் தொட்டிக்குள் நான்கு பேர் இறந்தபோது, 2013-லேயே சட்டம் வந்தும் எங்கள் பிள்ளைகள் ஏன் இன்னும் குழிக்குள் இறங்குகிறார்கள் என்று கேட்டவன் நான். சாதி என்பது வெறும் வேலைப் பங்கீடுதான் என்று நியாயம் சொல்பவர்களுக்கு அம்பேத்கர் 1936-லேயே பதில் எழுதிவிட்டார் என்று உங்களுக்கு வகுப்பு எடுத்தவனும் நான்தான். சுத்தம் செய்கிற வேலையிலேயே போய் ஒரு பையன் முதலாளி ஆனால் அது விடுதலையா, அதே வேலைக்குப் புதுச் சட்டையா?

பையன் சொன்னது இதுதான்: "சித்தப்பா, சென்னையில நாப்பது மாடி ஒயரத்துல தொங்கினேன். கயிறு கம்பெனியோடது, பெல்ட்டு கம்பெனியோடது, வண்டி கம்பெனியோடது. என்னோடது உசுரு மட்டுந்தான். எனக்கு வேலை தெரியும். அத விட்டுட்டு வேற எதையாவது செஞ்சாத்தான் மரியாதையா?"

சரி, முதலில் வண்டியைப் பார்ப்போம், விவாதம் பிறகு என்று கிளம்பினோம்.

கண்ணாடியும் உப்பும்

இந்த ஊரில் கண்ணாடி துடைப்பது சென்னை மாதிரி இல்லை. கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் உப்பு வந்து படியும். சுற்றிலும் உப்பளம். துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது, அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. உப்பும் கரித்தூளும் சேர்ந்து கண்ணாடியில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பேரும் முதல் வேலையை ஒரு ஷோரூமில் எடுத்தார்கள். அங்கிருந்த போர் தண்ணீரையே பயன்படுத்தினார்கள். துடைக்கும்போது பளபளவென்று இருந்தது. வெயில் ஏறியதும் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு. தண்ணீர் ஆவியாகிவிட்டது, அதிலிருந்த உப்பு கண்ணாடியில் தங்கிவிட்டது. பேசிய பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது.

குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. குடிக்க நல்லதாக இருக்கும் தண்ணீர் கூடக் கண்ணாடிக்கு உதவாது. டி.டி.எஸ். பத்துக்குக் கீழே, முடிந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் துடைக்காமல் காயவிட்டாலும் திட்டு விழாது. ஆர்.ஓ. தண்ணீரை ரெசின் நிரப்பிய ஃபில்டரில் இன்னொரு முறை ஓட்டினால் அந்த அளவு கிடைக்கும்.

அந்தத் தண்ணீரை நீளமான கம்பத்தின் நுனியில் இருக்கும் பிரஷ் வழியாகப் பாய்ச்சித் தேய்ப்பது வெளிநாடுகளில் வழக்கமான முறை. மூன்று, நான்கு மாடி வரை தரையில் நின்றுகொண்டே சுத்தம் செய்யலாம். கயிறும் வேண்டாம், சாரமும் வேண்டாம். தூத்துக்குடியில் பெரும்பாலான கட்டடங்கள் அந்த உயரம்தான். ஆனால் அதற்குத் தண்ணீரைக் கூடவே கொண்டுபோக வேண்டும். பைக்கிலோ ஆட்டோவிலோ நடக்காது. உயிரைக் கயிற்றில் கட்டாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டுமானால் ஒரு வண்டி வேண்டும். அதனால்தான் வண்டி.

எடைக் கணக்கு

வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு தாளில் எடையை எழுதச் சொன்னேன். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. தொட்டி, பம்பு, பேட்டரி, ஃபில்டர், கம்பம், ஏணி எல்லாம் சேர்த்து 90. இரண்டு ஆள் 130. மொத்தம் 520 கிலோ.

ஆர்.சி. புக்கில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று வெற்று வண்டியின் எடை, மற்றொன்று சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வண்டி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். விற்பவர் "எவ்வளவு வேணா ஏத்தலாம் தம்பி" என்பார். ஆர்.சி. அப்படிச் சொல்லாது.

தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. பாதி நிரம்பிய தொட்டியில் பிரேக் அடித்தால் தண்ணீர் முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும். ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் மூன்று சின்னத் தொட்டி வைத்து, ஒவ்வொன்றாகக் காலி செய்வது பாதுகாப்பு. எல்லாவற்றையும் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும்.

பணம் எங்கிருந்து?

நீங்கள் கேட்பீர்கள்: திட்டங்கள் இருக்கின்றனவே, ஏன் பழைய வண்டி?

இருக்கின்றன. தாட்கோ 1974-லிருந்து இருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி வரை. வங்கிக் கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நல்ல திட்டம். இதை வாசிக்கும் மாணவர்கள் கட்டாயம் நேரில் போய்க் கேளுங்கள்.

எங்களுக்கு இரண்டு இடத்தில் தட்டியது. நாங்கள் விசாரித்த இடத்தில் புது வண்டிக்கு டீலர் கொட்டேஷன் கேட்டார்கள், புரோக்கரிடம் வாங்கும் பழைய வண்டியைப் பற்றிப் பேசவே முடியவில்லை. அதையாவது சமாளிக்கலாம், புது வண்டிக்கே போகலாம். இரண்டாவது சிக்கல்தான் பெரியது. தொழில் நூறு சதவீதம் பட்டியல் சாதி அல்லது பழங்குடி ஆட்களுடையதாக இருக்க வேண்டும். பையனின் கூட்டாளி கிறிஸ்தவன்.

ஒரே தெரு. ஒரே குழாய். டீக்கடையில் இரண்டு பேருடைய தாத்தாக்களுக்கும் ஒரே தனி கிளாஸ். ஆனால் 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருப்பவர்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். இந்தக் கடற்கரையில் எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு இந்தக் கதை என்று உங்களுக்கே தெரியும். கையில் பி.சி. சான்றிதழ், ஊர் கூப்பிடுவது பழைய பேரில்.

ஒருவர் யோசனை சொன்னார்: "ஒரு ஆள் பேர்ல எடுத்துக்கோங்க. அந்தத் தம்பிய ஹெல்ப்பர்னு காட்டிருங்க. உள்ளுக்குள்ள பங்கு பிரிச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

பையன் யோசித்தே பார்க்கவில்லை. "பேப்பர்ல அவன ஹெல்ப்பர் ஆக்கணும்னா எனக்கு மானியம் வேண்டாம்." அவன் எந்த அம்பேத்கர் வாசிப்பு வட்டத்துக்கும் வந்ததில்லை.

அடுத்து ஒரு ஃபைனான்ஸ். இரண்டு லட்சம் தருகிறோம், பதினான்கு சதவீதம் ஃபிளாட் வட்டி, மூன்று வருடம். பதினான்கு என்றதும் பரவாயில்லையே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 28,000 வீதம் மூன்று வருடத்துக்கு 84,000 வட்டி. மாத டியூ ஏறத்தாழ 7,889. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இரண்டு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது வருடத்துக்கு 24 சதவீதம் அளவுக்கு வரும். ஃபிளாட் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள், அல்லது குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கேளுங்கள்.

ஆக, கையில் இருக்கும் பணத்துக்குள் வண்டி. இரண்டு பேரும் சேர்த்து வைத்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

மூன்று வண்டிகள்

முதலில் பார்த்தது ஆம்னி. விலை குறைவு. 1984-ல் வந்த வண்டி, 2019-ல் மாருதி உற்பத்தியை நிறுத்தியது. 796 சி.சி. எஞ்சின், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் ஐந்து ஆள் உட்காரும் தனியார் பதிவு வண்டி, வெள்ளை போர்டு. அதில் தொட்டியை வைத்துத் தொழிலுக்கு ஓட்டினால் சிக்கல். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். இந்த வண்டியில் கேஸ் கிட் வேறு இருந்தது, ஆர்.சி.யில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. 520 கிலோவை அதன் தலையில் ஏற்றவும் முடியாது. விட்டுவிட்டோம்.

இரண்டாவது ஈக்கோ, சரக்கு மாடல். உள்ளே ஏறியதும் எனக்குப் பிடித்துவிட்டது. பெயின்ட் புதுசு, சீட் கவர் புதுசு, மேட் புதுசு. கூட வந்த மெக்கானிக் தம்பி ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தார். கடைசி முழத்தில் காய்ந்த சேற்றின் கோடு. சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு. டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. நம் ஊர் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. வண்டிகளும் கிடந்தன. அதில் எத்தனையோ வண்டி சீட் கவர் மாற்றிக்கொண்டு இப்போது சந்தையில் நிற்கிறது. இந்த ஊரில் பழைய வண்டி வாங்குபவர்கள் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது குட்டி யானை. டாடா ஏஸ், 2005-ல் வந்தபோது முக்கால் டன் சுமைக்கு என்றே வந்த வண்டி. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். சத்தம் இருக்கும், வேகம் இருக்காது, ஆனால் எடை தாங்கும். பின்னால் மூடிய பாடி கட்டி ரொட்டி, பிஸ்கட் லைனுக்கு ஓடியது. மூடிய பாடி என்றால் ராத்திரி தெருவில் நிறுத்தினாலும் சாமான் பத்திரம். அந்தப் பாடியின் எடை போகவும் நம் 520 கிலோவுக்கு இடம் இருந்தது. பாடி வகை ஆர்.சி.யிலும் சரியாக ஏறியிருந்தது.

ரொட்டி லைன் என்பதும் ஒரு காரணம். இங்கே விற்பனைக்கு வரும் குட்டி யானைகளில் நிறைய மீனும் உப்பும் ஏற்றியவை. ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டி அடிப்பக்கம் அரித்திருக்கும், மேலே மட்டும் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். அதனால் மெக்கானிக் தம்பி கீழே படுத்து ஸ்க்ரூடிரைவரால் சேசிஸை இஞ்ச் இஞ்சாகத் தட்டினார். இரும்பு 'டிங்' என்றால் சரி, 'பொத்' என்றால் உள்ளே துரு. கதவிலும் ஓரங்களிலும் காந்தம் வைத்துப் பார்த்தார். ஒட்டாத இடம் பட்டி வைத்துப் பூசிய இடம். இடது கதவின் கீழே மட்டும் ஒட்டவில்லை. அதற்கு ஐந்தாயிரம் குறைத்தோம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்த்தோம். மத்தியானம் சூடாக வைத்துக்கொண்டு கூப்பிட்டால் போகாதீர்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். வரவில்லை.

காகிதத்தில், மொத்த எடை மூன்றாயிரம் கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும், தனி பேட்ஜ் வேண்டாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

"எந்தத் தெரு?"

விலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் நின்றது. புரோக்கர் அண்ணாச்சி டீ சொன்னார். டீ வருவதற்குள் கேட்டார்: "தம்பி எந்த ஊரு?" ஊரைச் சொன்னோம். "அதுல எந்தத் தெரு?"

தோழர்களே, அந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். பையன் தயங்காமல் தெருவைச் சொன்னான். டீ வந்தது, குடித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேச்சு மாறிவிட்டது. அதுவரை "நாளைக்கே பேர் மாத்திரலாம்" என்றவர், "மொதல்ல முழுப் பணமும் வரட்டும், பேர் மாத்துறதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம். பேர் மாத்தாமலே ஓட்டுறதா இருந்தா ஓனர்ட்ட சொல்லி இருவதாயிரம் கொறைச்சுத் தாரேன். உங்க ஆளுங்க நெறையப் பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார்.

அதில் பொய் இல்லை. எங்கள் தெருவில் நிற்கிற ஆறு வண்டியில் நான்கு வேறு யாரோ பேரில்தான் இருக்கிறது. எங்கள் பேரில் எடுத்துவிட்டு வேறு யாரோ ஓட்டுகிற வண்டியும் உண்டு. மானியத்துக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுப்பார்கள். எங்கள் சமூகத்துக்கு இது புதுசு இல்லை. 1892-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து பஞ்சமி நிலம் கொடுத்தார்கள். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். காகிதம் ஒரு கையில், நிலம் வேறு கையில் என்றுதான் அது முடிந்தது. இங்கே தலைகீழ். வண்டி நம் கையில், காகிதம் வேறு கையில். முடிவு ஒன்றுதான்.

பையன் கொஞ்சம் தடுமாறினான். இருபதாயிரம் என்பது ஃபில்டரும் பம்பும் வாங்கும் பணம். "பேர அடுத்த வருசம் மாத்திக்கலாமே சித்தப்பா?" என்றான். நானும் ஒரு நிமிடம் சரி என்றுதான் நினைத்தேன்.

அன்று மைனியும் வந்திருந்தார். வேலை முடிந்து நேராக, அந்தப் பச்சைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்து ஓரமாக நின்றார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்த வண்டி யாரு பேருல இருக்கும்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"பதினெட்டு வருசமா நான் தள்ளாத வண்டி இல்ல. தள்ளுவண்டி, மூணு சக்கர வண்டி, இப்ப பேட்டரி வண்டி. ஒண்ணுலயும் என் பேரு கெடையாது. காண்ட்ராக்டர் மாறுனா வண்டிய எடுத்துட்டுப் போயிருவான், நாங்க ரோட்டுல நிப்போம். அதே மாதிரி இன்னொரு வண்டிக்கா இவ்வளவு அலைச்சல்?"

நான் அப்போது வ.உ.சி.யை நினைத்துக்கொண்டேன். 1906-ல் இதே ஊரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கியபோது சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் அந்தக் கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் நிதி திரட்டி காலியா, லாவோ என்ற இரண்டு கப்பலைச் சொந்தமாக வாங்கினார்கள். பள்ளிப் பாடத்தில் தேசபக்தி என்று படித்தோம். மைனி அதையே ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

புரோக்கரை விட்டுவிட்டு ஓனரிடம் நேரில் போனோம். நான் அவரிடம் சமத்துவம் பேசவில்லை, சட்டம் பேசினேன். "அண்ணாச்சி, பேர் மாத்தலேன்னா ஆபத்து எங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்குத்தான். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்குல சொல்லிருச்சு. வண்டிய வித்துட்டாலும், ஆர்.சி.ல யார் பேரு இருக்கோ அவருதான் விபத்துக்கு நஷ்டஈடு கட்டணும். நாளைக்கு எங்க பையன் யார் மேலயாவது இடிச்சா நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்."

அவர் அப்போதே படிவம் 29, 30 எடுத்து வரச் சொன்னார். பழைய ஃபைனான்ஸ் கடன் முடிந்தும் ஹெச்.பி. கேன்சல் ஆகாமல் கிடந்தது. ஃபைனான்ஸில் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கித் தந்தார். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம். எம்பரிவாகன் செயலியில் பழைய அபராதம் இருக்கிறதா என்று பார்த்தோம், இரண்டு இருந்தது, ஓனரே கட்டினார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவதைப் பேர் மாற்றம் என்று நினைக்காதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகும் வரை அந்த வண்டி உங்களுடையது இல்லை.

யார் பேர் என்ற கேள்வி இரண்டு கூட்டாளிகளுக்கு நடுவிலும் வந்தது. ஒருவன் பேரில் போட்டால் மற்றவன் நாளைக்கு உண்மையிலேயே ஹெல்ப்பர்தான். அதனால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, நிறுவனத்தைப் பதிவு செய்து, ஆர்.சி.யை நிறுவனத்தின் பேரில் வாங்கினார்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட முடியாது என்று 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. பாதிப் பணம் கொடுத்து அனுப்பிய ஷோரூம் ஞாபகம் இருக்கிறதல்லவா, அதற்காகவாவது பதிவு வேண்டும்.

குறைந்த ஐம்பதாயிரத்தை மைனி தன் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார். எதிர்த்தவர் அவர்தான். ஏன் மனசு மாறியது என்று நான் கேட்கவில்லை.

இது விடுதலையா?

முதல் கேள்விக்கு வருகிறேன். இது எங்கள் தெருக் கேள்வி மட்டும் இல்லை. 2017-ல் ஹைதராபாத்தில், 2019-ல் டெல்லியில், தலித் தொழில் வர்த்தக சபையான டிக்கியின் துணையோடு சாக்கடை அடைப்பு நீக்கும் இயந்திர வண்டிகளைத் தலித் தொழில்முனைவோருக்குக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் சென்னையிலும் தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோர் ஆக்குகிறோம் என்று 200-க்கும் மேற்பட்ட கழிவுநீர் வண்டிகள் வந்தன. குழிக்குள் மனிதன் இறங்காமல் இருக்க இயந்திரம் வந்தது நல்லது. அந்த இயந்திரம் நம் ஆட்கள் பேரில் இருப்பதும் நல்லது. ஆனால் இரண்டு கேள்வியை விடாமல் கேளுங்கள். ஏன் சாக்கடை வண்டி மட்டும் நம் பேருக்குத் தேடி வருகிறது? ஒரே ஒரு வாரியத்தின் ஒப்பந்தத்தை நம்பி வாங்கிய வண்டி, ஒப்பந்தம் முடிந்த பிறகு எங்கே ஓடும்?

எங்கள் பையன்களிடம் இப்போது பதினோரு வாடிக்கையாளர்கள். ஒருவர் போனாலும் பத்துப் பேர் இருப்பார்கள். நாளைக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்றால் அதே வண்டியில் தண்ணீர் கேன் போடலாம், ரொட்டி லைன் போகலாம். வேலையை விட்டு விலகுகிற உரிமையும் சேர்ந்ததுதான் சொந்த வண்டி. என் மைனிக்கு அந்த உரிமை ஒருநாளும் இருந்ததில்லை. வண்டி சாதியை ஒழித்துவிடாது. அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் எந்த வேலை என்பதைப் போலவே, அந்த வேலையின் கருவி யாருடையது என்பதும் சாதிக் கேள்விதான். இத்தனை நாள் முதல் பாதியை மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன்.

பையன்களுக்கும் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நீங்கள் ஆள் வைப்பீர்கள். அவர்களும் பெரும்பாலும் நம் தெருப் பையன்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பெல்ட், இன்சூரன்ஸ், மாதச் சம்பளம் எதுவும் இல்லாமல் வேலை வாங்கினால், அதைப் பற்றி இதே பக்கத்தில் உங்களை எதிர்த்து எழுதுவேன் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது நீலம் அடித்து, பின்னால் அண்ணல் படம் போடச் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படம் போட்டா அந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேர் அடுத்த மாசம் கூப்பிடுவாங்க சித்தப்பா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தக் கோபத்தை அவன் மேல் காட்டியிருக்கக் கூடாது என்று பட்டது. வண்டி வெள்ளையாகவே ஓடுகிறது. நிறுவனத்தின் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருக்கிறது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதினால் உங்களில் நாலு பேர் வேலை கொடுப்பீர்கள் என்று தெரியும். ஆனால் இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் வந்தால், அவர்கள் எந்தத் தெரு என்று மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். கண்ணாடியைத் துடைக்க வந்தவரின் தெருவைக் கேட்காத ஊராக இது ஆகும் வரை அந்தப் பெயர் ஆர்.சி. புக்கில் மட்டும் இருக்கட்டும்.

ஜெய் பீம்.